வாசகர் கேள்வி–பதில்: ஈஸ்டிலிருந்து ஒரு நொதி

பேக்கரி ஈஸ்டிலிருந்து இன்வர்டேஸ் என்னும் நொதியைப் பிரித்தெடுப்பது எப்படி என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஈஸ்டைக் கரைத்து, சாற்றைச் சூடாக்கி, குளிர்ந்த ஆல்கஹாலில் வீழ்படியச் செய்து, பின்னர் மின்னூட்டத்தைக் கொண்டு புரதங்களைப் பிரிக்கும் அயனிப் பரிமாற்றப் பத்தியில் செலுத்துவது வழக்கம் என்று நான்கே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரி போதவில்லை என்பதை இம்மாதம் வந்து சேர்ந்த கடிதங்கள் எனக்கு உணர்த்திவிட்டன. ஆகவே இந்தப் பகுதி முழுவதையும் அந்த ஒரே நொதிக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: சுக்ரோஸை உடைக்கும் நொதிக்குச் ‘சுக்ரேஸ்’ என்ற பெயர் பாடநூலில் இருக்கிறது. அப்படியிருக்க ‘இன்வர்டேஸ்’ என்று இன்னொரு பெயர் எதற்கு? இரண்டும் ஒன்றுதானா?
(பள்ளி ஆசிரியை, கும்பகோணம்)

இன்வர்டேஸ் என்ற பெயர் ஒளியிலிருந்து வந்தது. நாம் காப்பியில் போடும் சர்க்கரைதான் சுக்ரோஸ். அதன் கரைசல் வழியே, ஒரே தளத்தில் அதிரும் முனைவுற்ற ஒளியைச் செலுத்தினால், ஒளியின் தளம் வலப்புறமாகத் திரும்புகிறது. சுக்ரோஸின் தன் சுழற்சி +66.5 பாகை. நொதி சுக்ரோஸை உடைத்ததும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சரிபாதியாகக் கிடைக்கின்றன. இவற்றுள் குளுக்கோஸ் ஒளியை +52.7 பாகை வலப்புறம் திருப்பினாலும், ஃப்ரக்டோஸ் ஏறத்தாழ −92 பாகை இடப்புறம் இழுத்துவிடுவதால், கலவையின் நிகரச் சுழற்சி −20 பாகையை ஒட்டி இடப்புறமாக மாறிவிடுகிறது. வலம் இடமாகத் தலைகீழாவதை ‘இன்வர்ஷன்’ என்றார்கள். அதைச் செய்வது இன்வர்டேஸ் ஆயிற்று. 1860-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு வேதியியலாளர் மார்சலின் பெர்த்தலோ, ஈஸ்டை ஊறவைத்து எடுத்த சாற்றில் ஆல்கஹாலைச் சேர்த்து, கிடைத்த வீழ்படிவை மீண்டும் நீரில் கரைத்து, உயிருள்ள ஈஸ்ட் ஒன்றுகூட இல்லாத அந்தக் கரைசல் சர்க்கரையை உடைப்பதைக் காட்டினார். ‘என்சைம்’ என்ற சொல்லையே வில்லெல்ம் கூன 1870-களில்தான் உருவாக்கினார் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த நொதிக்கு எவ்வளவு வயது என்பது விளங்கும்.

இரண்டும் ஒன்றல்ல. சுக்ரோஸ் மூலக்கூறில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்து நிற்கின்றன. நம் குடலில் உள்ள சுக்ரேஸ், குளுக்கோஸின் பக்கத்திலிருந்து பற்றி அந்தப் பிணைப்பை அறுக்கிறது. ஈஸ்டின் இன்வர்டேஸ் ஃப்ரக்டோஸின் பக்கத்திலிருந்து பற்றுகிறது. இதை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று மாணவர்கள் கேட்டால், ரஃபினோஸ் என்ற மூன்றலகுச் சர்க்கரையை எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். அதில் குளுக்கோஸின் மேல் கேலக்டோஸ் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்திருக்கிறது. ஃப்ரக்டோஸ் முனை மட்டும் திறந்திருக்கிறது. இன்வர்டேஸ் அதையும் உடைத்து ஃப்ரக்டோஸையும் மெலிபயோஸையும் தருகிறது. குடல் சுக்ரேஸால் அது முடிவதில்லை. உடைந்து வரும் பொருள் ஒன்றாகவே இருந்தாலும் வெட்டும் விதம் வேறாக இருக்கும்போது நொதிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைப்பதுதான் முறை.

கேள்வி: ஈஸ்ட் செல்லை உடைப்பதற்கு மணலோடு அரைப்பது, கண்ணாடி மணிகளோடு குலுக்குவது, டொலுயீன் சேர்த்து ஓரிரவு வைப்பது என்று மூன்று முறைகளைப் படித்தேன். எது சிறந்தது?
(ஆய்வு உதவியாளர், கோயம்புத்தூர்)

எந்த இன்வர்டேஸ் உங்களுக்கு வேண்டும் என்பதைப் பொறுத்தது இது. ஈஸ்டில் இந்த நொதி இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று செல்லுக்கு உள்ளே சைட்டோபிளாசத்தில் இருப்பது. அதில் சர்க்கரைச் சங்கிலிகள் ஏதும் இல்லை. மற்றொன்று செல் சவ்வைக் கடந்து வெளியேறி, சவ்வுக்கும் செல் சுவருக்கும் இடைப்பட்ட வெளியில் தங்கியிருப்பது. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி, மேனோஸால் ஆன சர்க்கரைச் சங்கிலிகளே. சக்-2 என்னும் ஒரே மரபணுவிலிருந்து நீளம் வேறுபட்ட இரண்டு தூது ஆர்.என்.ஏ.க்கள் உருவாகின்றன என்பதையும், வெளியேறும் வடிவத்துக்கான வழிகாட்டித் துண்டு நீண்ட ஆர்.என்.ஏ.வில் மட்டுமே இருக்கிறது என்பதையும் 1982-இல் மரியன் கார்ல்சனும் டேவிட் பாட்ஸ்டைனும் விளக்கினார்கள். குளுக்கோஸ் மிகுந்திருக்கும்போது அந்த நீண்ட ஆர்.என்.ஏ. உருவாவது அடக்கப்படுகிறது. கையில் குளுக்கோஸ் இருக்கும்போது சுக்ரோஸை உடைக்கும் கருவியைச் செய்து வைப்பது செல்லுக்கு வீண் செலவுதானே. நீங்களே ஈஸ்டை வளர்ப்பதாயின் இதை மறந்துவிடாதீர்கள். குளுக்கோஸைத் தாராளமாகக் கொடுத்து வளர்த்த செல்களில் நொதி குறைவாகவே இருக்கும். கடையில் வாங்கும் பேக்கரி ஈஸ்டு, கரும்பு அல்லது பீட் ஆலைக் கழிவுப்பாகைச் சிறிது சிறிதாக ஊட்டி வளர்க்கப்படுவதால், அதில் இந்த நொதி நிறைந்திருக்கிறது.

வெளி வடிவம்தான் உங்கள் தேவை என்றால் செல்லைத் தூள்தூளாக உடைப்பது தேவையற்றது மட்டுமன்று, தீங்கும்கூட. உள்ளேயுள்ள நூற்றுக்கணக்கான புரதங்களையும் நியூக்ளிக் அமிலங்களையும் நீங்களே சாற்றில் கொட்டிவிட்டு, பின்னர் அவற்றை அகற்றப் பாடுபட வேண்டியிருக்கும். டொலுயீன் அல்லது எத்தில் அசிடேட் சேர்த்து மிதமான வெப்பத்தில் வைக்கும் தன்சிதைவு முறையில், சவ்வு சிதைந்து, செல்லின் நொதிகளே சுவரை அரித்துத் தளர்த்த, இன்வர்டேஸ் மெல்ல வெளியேறுகிறது. அப்போது செல்லின் புரதச் சிதைப்பு நொதிகளும் விடுபட்டுப் பல புரதங்களைத் தின்றுவிடும். ஆனால் சர்க்கரைப் போர்வை போர்த்திய இன்வர்டேஸ் அவற்றுக்கு எளிதில் இரையாவதில்லை. மற்ற நொதிகளுக்கு ஆபத்தான இந்தச் சூழல் நம் நொதிக்கு மட்டும் துணையாக அமைந்துவிடுகிறது. அந்தக் குடுவையின் நாற்றத்தைப் பற்றி எந்த நூலிலும் எழுதியிருக்க மாட்டார்கள். காற்றோட்டப் பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள். டொலுயீன் ஆவி நல்லதும் அன்று.

உள் வடிவம் வேண்டுமானால் கண்ணாடி மணிகளே சிறந்தவை. குளிரில் வைத்து, புரதச் சிதைப்பைத் தடுக்கும் மருந்தும் சேர்த்துச் செய்ய வேண்டும். மணலோடு அரைப்பது பழைய முறை என்றாலும் அதற்கு ஒரு பெருமை உண்டு. 1897-இல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்டை மணலோடும் கீசல்கர் மண்ணோடும் அரைத்து, அழுத்திப் பிழிந்த சாறு, செல் இல்லாமலேயே சர்க்கரையைப் புளிக்க வைத்தது; அதற்காக அவருக்கு 1907-இல் நோபல் பரிசும் கிடைத்தது.

கேள்வி: எங்கள் செயல்திட்டத்தில் இன்வர்டேஸைத் தூய்மைப்படுத்தினோம். சூடாக்கும் படிக்குப் பிறகு மொத்தச் செயல்திறன், தொடக்கச் சாற்றில் இருந்ததைவிட மிகுந்து 130 சதவீதமாக வந்திருக்கிறது. இல்லாத நொதி எப்படி உருவாகும்? வழிகாட்டியான பேராசிரியர் ‘எங்கோ பிழை’ என்கிறார். எங்கே என்று கண்டுபிடிக்க முடியவில்லை.
(முதுகலை மாணவி, திருச்சிராப்பள்ளி)

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால், ஒரு நொதியைத் தூய்மைப்படுத்துவது என்பது பாதி வேதியியல், பாதி கணக்கெழுதும் வேலை. கணக்கு இடிக்கும் இடத்தில்தான் வேதியியல் தெரியவரும்.

முதலில் கணக்கின் அமைப்பு. ஒவ்வொரு படியிலும் திரவத்தின் கொள்ளளவு, மொத்தப் புரதம், மொத்தச் செயல்திறன் ஆகிய மூன்றையும் எழுதுகிறோம். ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் சுக்ரோஸை உடைக்கும் நொதியளவை ஓர் அலகு என்கிறோம். செயல்திறனைப் புரதத்தின் எடையால் வகுத்தால் கிடைப்பது, ஒரு மில்லிகிராம் புரதத்துக்குரிய தன்செயல்திறன். நொதி தூய்மையாக ஆக அது உயர வேண்டும். விளங்குவதற்காக நானே இட்டுக்கட்டிய எண்களைத் தருகிறேன். தொடக்கச் சாற்றில் 2,000 மில்லிகிராம் புரதமும் 10,000 அலகும் இருப்பதாக வைத்துக்கொண்டால் தன்செயல்திறன் 5. சூடாக்கிய பின் 900 மில்லிகிராமும் 9,500 அலகும் என்றால் அது 10.6 ஆகிறது. ஆல்கஹால் வீழ்படிவில் 180 மில்லிகிராமும் 8,000 அலகும் என்றால் 44. அயனிப் பரிமாற்றப் பத்தியிலிருந்து 12 மில்லிகிராமும் 5,400 அலகும் வந்தால் 450. ஆக, நொதியில் 54 சதவீதம் மீண்டிருக்கிறது. தூய்மை 90 மடங்கு உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு படியிலும் நொதி கொஞ்சம் குறைவதே இயல்பு. அதனால்தான் உங்கள் 130 சதவீதம் பேராசிரியரின் கண்ணை உறுத்தியிருக்கிறது.

ஆனால் பிழை பெரும்பாலும் 130-இல் இருக்காது; நீங்கள் 100 என்று வைத்துக்கொண்ட தொடக்க அளவில்தான் இருக்கும். கலங்கிய முதற்சாற்றை அளப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. அதைக் குறைத்துக் காட்டக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். முதற்சாற்றைப் போதிய அளவு நீர்க்காமல் சோதித்திருந்தால், வினை தொடங்கிய ஓரிரு நிமிடங்களிலேயே சுக்ரோஸின் பெரும்பகுதி தீர்ந்திருக்கும். பத்து நிமிடம் கழித்து அளந்த நிறத்தைப் பத்தால் வகுத்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைவான எண்ணே வரும். நீர்த்த சாற்றை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம் என்று அளந்து, விளைபொருள் நேரத்தோடு நேர்கோட்டில் உயர்கிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். அடுத்து, சாற்றில் ஏற்கெனவே உள்ள ஒடுக்கும் சர்க்கரைகள். ஒடுக்கும் சர்க்கரையை நிறமாற்றத்தால் அளக்கும் டி.என்.எஸ். எனப்படும் டைநைட்ரோசாலிசிலிக் அமில முறை, நொதி உருவாக்கிய குளுக்கோஸுக்கும் ஈஸ்டிலிருந்து வந்த சர்க்கரைக்கும் வேறுபாடு பார்ப்பதில்லை. இதற்காக வைக்கும் வெற்றுச் சோதனையில் நொதியைச் சேர்க்கும்போதே டி.என்.எஸ்.ஸையும் சேர்த்திருக்க வேண்டும். நீங்கள் வெற்றுச் சோதனைக் குழாயில் நொதியும் சுக்ரோஸும் கலந்த பிறகு சற்றுத் தாமதித்து டி.என்.எஸ். ஊற்றியிருந்தால், அந்தச் சில விநாடிகளில் உருவான சர்க்கரையையும் கழித்துவிட்டிருப்பீர்கள். மூன்றாவதாக, முதற்சாற்றில் நொதியை அடக்கும் பொருள் ஏதேனும் இருந்து, சூடாக்கி மையவிலக்கியில் சுழற்றியபோது வீழ்படிவோடு வெளியேறியிருக்கலாம். அப்படியானால் உங்கள் 130 பிழையே அன்று, உண்மை. இதையும் சோதிக்கலாம்: தூய்மைப்படுத்திய நொதியில், கொதிக்க வைத்துச் செயலிழக்கச் செய்த முதற்சாற்றைச் சிறிது சேர்த்து அளந்து பாருங்கள். வேகம் குறைந்தால் அடக்கும் பொருள் இருக்கிறது. கொதியில் அழியும் தடைப்பொருளை இந்தச் சோதனை காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் அலகுக் கணக்கில் இரண்டால் வகுத்தீர்களா? ஒரு சுக்ரோஸ் உடைந்தால் ஒடுக்கும் சர்க்கரை இரண்டு கிடைக்கிறது. குளுக்கோஸைக் கொண்டு வரைந்த அளவுக்கோட்டில் படித்த எண்ணை அப்படியே எழுதினால், செயல்திறன் இருமடங்காகத் தெரியும். எல்லாப் படியிலும் ஒரேமாதிரி தவறினால் விழுக்காடு மாறாது என்பதால் இந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் ஆய்வேட்டுக்குள் போய்விடும். குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் சம அளவில் கலந்த கரைசலைக் கொண்டு அளவுக்கோடு வரைவதே நேர்மையான வழி. குளுக்கோஸை மட்டும் அளக்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் முறையைப் பயன்படுத்துவோருக்கு இந்த வகுத்தல் தேவையில்லை.

கேள்வி: நொதிகள் சூட்டில் கெட்டுவிடும் என்று படித்துவிட்டு, நொதியைத் தூய்மைப்படுத்தச் சூடாக்குகிறோமே! மேலும், எல்லாப் புரதங்களுக்கும் அம்மோனியம் சல்ஃபேட்டைப் பயன்படுத்துகையில் இதற்கு மட்டும் ஏன் ஆல்கஹால்?
(பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்)

இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றே: அந்தச் சர்க்கரைப் போர்வை. வெளி வடிவ இன்வர்டேஸ் 50 பாகை செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தையும் சிறிது நேரம் தாங்கி நிற்கிறது. ஈஸ்டின் பிற புரதங்கள் பலவும் அதற்குள் விரிந்து, ஒன்றோடொன்று சிக்கி, வெண்மையாகத் திரண்டுவிடுகின்றன. மையவிலக்கியில் சுழற்றினால் அவை அடியில் தங்கிவிட, நொதி மேலேயுள்ள தெளிந்த திரவத்தில் நிற்கிறது. செலவே இல்லாத இந்தப் படியில் புரதத்தில் பெரும்பங்கு நீங்கிவிடுகிறது. ஆனால் வெப்பமும் நேரமும் ஈஸ்டுக்கு ஈஸ்டு மாறும் என்பதால், முதலில் சிறு சோதனைக்குழாய்களில் செய்து பார்த்துவிட்டே முழுச் சாற்றையும் வெந்நீர்த் தொட்டியில் வைக்க வேண்டும்.

பர்ட்டன் நகரின் பீர் ஆலைகளோடு தொடர்புடைய ஓ’சல்லிவனும் டாம்ப்சனும் 1890-இல் ஒரு வியப்பான செய்தியை வெளியிட்டார்கள்: சுக்ரோஸ் உடனிருக்கும்போது இன்வர்டேஸ், தனியாக இருக்கையில் தாங்குவதைவிட 25 பாகை கூடுதல் வெப்பத்தைத் தாங்குகிறது. நொதி தன் வினைத்தளப்பொருளைப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்நாளில் கிடைத்த முக்கியமான சான்றுகளுள் அது ஒன்று.

அம்மோனியம் சல்ஃபேட், புரதத்தைச் சூழ்ந்திருக்கும் நீரைத் தன்பால் இழுத்துக்கொண்டு புரதத்தை வீழ்படியச் செய்கிறது. நீரை விரும்பும் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்திய வெளி வடிவம், உள் வடிவம் வீழ்படிந்துவிடும் உப்புச் செறிவிலும் கரைந்தே நிற்கும். இதையே பயன்படுத்தி இரு வடிவங்களையும் பிரிக்கலாம். ஆனால் வெளி வடிவத்தைத் திரட்டுவதற்கு உப்பு உதவாது. ஆல்கஹால் உதவும். அதைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்து, சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும். ஆல்கஹாலும் நீரும் கலக்கும்போதே வெப்பம் பிறக்கும். அறைவெப்பத்தில் ஒரே ஊற்றாக ஊற்றினால் நொதி வீழ்படிவதோடு உருவும் குலைந்து, பின்னர், அமிலத்தன்மை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலில் கரையாமலே நின்றுவிடும்.

கேள்வி: அயனிப் பரிமாற்றப் பத்திக்குப் பின்னரும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் ஒரே பட்டை கிடைக்கவில்லை. நீண்ட தீற்றலாகத் தெரிகிறது. நொதி இன்னும் தூய்மையாகவில்லை என்று கொள்ளலாமா?
(ஆய்வு மாணவர், மதுரை)

அவசரப்பட்டு அப்படிக் கொள்ள வேண்டாம். எஸ்.டி.எஸ். ஜெல் என்பது புரதங்களை விரித்து எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் சோதனை. இன்வர்டேஸின் புரதச் சங்கிலியின் எடை ஏறத்தாழ 60 கிலோடால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு). அதன்மேல் பல இடங்களில் மேனோஸ் சங்கிலிகள் ஏறியிருக்கின்றன. ஒரே செல்லில் உருவான இரண்டு மூலக்கூறுகளில்கூட இந்தச் சங்கிலிகளின் நீளம் ஒத்திருப்பதில்லை. எடை ஒன்றுபோல் இல்லாத கூட்டம் ஜெல்லில் ஓடினால் தீற்றலாகத்தான் தெரியும். மேலும் எஸ்.டி.எஸ். புரதத்தோடு சேருமேயன்றிச் சர்க்கரையோடு சேராது. ஆகவே சர்க்கரையற்ற அடையாளப் புரதங்களோடு ஒப்பிட்டு இதன் எடையைச் சொல்வது சரியாக இருக்காது. எண்டோ-எச் என்னும் நொதியால் அந்தச் சங்கிலிகளை அறுத்துவிட்டு மீண்டும் ஜெல்லில் ஓட்டிப் பாருங்கள். தீற்றல் சுருங்கி 60 கிலோடால்டனை ஒட்டித் திரண்டால் உங்கள் நொதி தூய்மையானதே. திரண்ட பட்டைக்கு அப்பால் வேறு பட்டைகள் நின்றால் அவைதாம் மாசு.

எஸ்.டி.எஸ். சேர்க்காத ஜெல்லிலும் ஒருமுறை ஓட்டுங்கள். ஓட்டி முடித்த ஜெல்லைச் சுக்ரோஸ் கரைசலில் ஊறவைத்து, கழுவி, டிரைஃபீனைல் டெட்ரசோலியம் குளோரைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலில் சூடாக்கினால், நொதி நிற்கும் இடம் மட்டும் சிவக்கும். அதே மாதிரியை ஓட்டிய இன்னொரு ஜெல்லைப் புரதச் சாயத்தில் தோய்த்து, சிவந்த இடமும் சாயமேறிய இடமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஜெல்லில் தெரியும் ஒரு பட்டை தூய்மைக்குச் சான்றாகலாம். அந்தப் பட்டைதான் உங்கள் நொதி என்பதற்கு இதுவே சான்று.

மாசு இருப்பது உறுதியானால் கான்கனவாலின்-ஏ ஒட்டிய பத்தியைப் பயன்படுத்தலாம். வாளவரை இனத்து விதையிலிருந்து கிடைக்கும் இந்தப் புரதம் மேனோஸைக் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். இதை 1919-இல் படிகமாக்கியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர். அதே விதையிலிருந்துதான் 1926-இல் அவர் யூரியேஸைப் படிகமாக்கி, நொதி என்பது புரதமே என்று வாதாடினார். புகழ்பெற்ற ஜெர்மன் வேதியியலாளர் வில்ஷ்டாட்டர் அதை ஏற்கவில்லை. தாம் தூய்மைப்படுத்திய நொதிக் கரைசல்களில் புரதச் சோதனை எதிர்மறையாக வந்தது என்பது அவருடைய வாதம். நொதி மிக நீர்த்த நிலையில் இருந்ததால் அக்காலச் சோதனைகளுக்கு அது எட்டவில்லை, அவ்வளவுதான். சம்னர் 1946-இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு எச்சரிக்கை: ஈஸ்டின் செல் சுவரிலிருந்து வரும் பிற மேனோஸ் புரதங்களும் இந்தப் பத்தியில் சிக்கும். ஆகவே இதை ஒரே படியாக நம்பாமல், அயனிப் பரிமாற்றத்துக்குத் துணையாகவே வையுங்கள்.

கேள்வி: இன்வர்டேஸின் மைக்கேலிஸ் மாறிலி ஒரு நூலில் 17 மில்லிமோலார் என்றும், இன்னொன்றில் 25 என்றும் இருக்கிறது. எங்களுக்கு 40 வந்தது. எதை நம்புவது?
(கல்லூரி விரிவுரையாளர், சென்னை)

வினையின் வேகம் தன் உச்சத்தில் பாதியாக இருக்கும் சுக்ரோஸ் செறிவுதான் மைக்கேலிஸ் மாறிலி. அந்த மாறிலி பிறந்ததே இந்த நொதியில்தான் என்பதால் அதன் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1902-இல் பர்மிங்காமில் ஏட்ரியன் பிரவுன், சுக்ரோஸின் செறிவை எவ்வளவு உயர்த்தினாலும் வேகம் ஓர் எல்லைக்கு மேல் உயராததைக் கண்டு, நொதியும் சுக்ரோஸும் சேர்ந்து ஓர் இணைப்பாகச் சிறிது நேரம் நிற்கின்றன என்று சொன்னார். 1903-இல் பாரிஸில் விக்டர் ஆன்றி அதற்குச் சமன்பாடும் எழுதினார். ஆனால் ஆன்றியின் அளவீடுகளில் இரண்டு குறைகள் இருந்தன. கரைசலின் அமிலத்தன்மையை அவர் கட்டுப்படுத்தவில்லை, பி.எச். என்ற அளவையே சோரன்சன் 1909-இல்தான் கொண்டுவந்தார். மற்றொன்று இன்னும் நுட்பமானது. சுக்ரோஸ் உடைந்த உடனே கிடைக்கும் குளுக்கோஸின் சுழற்சி, தன் நிலையான எண்ணுக்கு வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவேளையில் ஒளிச்சுழற்சிமானியைப் படித்தால், வினையின் வேகத்தோடு இந்த மாற்றத்தின் வேகமும் கலந்துவிடும்.

1913-இல் பெர்லினில் லெயோனோர் மைக்கேலிஸும், கனடாவிலிருந்து அவரிடம் வந்து சேர்ந்த மருத்துவர் மாட் மென்டனும் இந்த இரண்டையும் சரிசெய்தார்கள். அசிடேட் தாங்கல் கரைசலில் வினையை நடத்தினார்கள்; குறித்த நேரத்தில் எடுத்த மாதிரியில் காரத்தைச் சேர்த்தார்கள். காரம் நொதியை அந்த நொடியே நிறுத்தியது. குளுக்கோஸின் சுழற்சியையும் விரைவாக நிலைக்குக் கொண்டுவந்தது. அதைவிட முக்கியமாக, விளைபொருள்கள் சேர்ந்து வேகத்தைக் குறைக்கும் முன்னரே, தொடக்க வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த எண் 0.0167 மோலார், நீங்கள் பார்த்த 17 அதுதான். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, அவர்கள் வைத்திருந்த நொதி இன்றைய பொருளில் தூய்மையானதே அன்று என்பது. மைக்கேலிஸ் மாறிலியைக் காண நொதியின் அளவு தெரிய வேண்டியதில்லை. குறுக்கிடும் வேறு நொதி இல்லாமலிருந்தால் போதும். உச்ச வேகத்தை நொதி மூலக்கூறு ஒன்றுக்கு எத்தனை என்று மாற்றும்போதுதான் தூய்மை இன்றியமையாததாகிறது.

இனி உங்கள் 40. இந்த மாறிலி நொதியின் பிறவிக்குறி அன்று, பி.எச்., வெப்பம், தாங்கல் கரைசல் ஆகியவை மாறினால் அதுவும் மாறும். பி.எச். 4.5 முதல் 5 வரையில், அசிடேட்டில் அளந்தீர்களா? சுக்ரோஸில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உடைவதற்குள் வினையை நிறுத்தினீர்களா? தாமதித்து நிறுத்தியிருந்தால், சுக்ரோஸ் குறைவாக உள்ள குழாய்களில்தான் வேகம் மிகவும் குறைந்து தெரியும், மாறிலி உயர்ந்துவிடும். எதிர்முனையிலும் ஒரு பொறி உண்டு. சுக்ரோஸ் மிகவும் செறிந்த கரைசலில் இன்வர்டேஸின் வேகம் மீண்டும் இறங்குகிறது. அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடு வரைந்தால் மாறிலி, உச்ச வேகம் ஆகிய இரண்டு எண்களும் கெடும். வேகம், செறிவு இரண்டின் தலைகீழ் எண்களைக் கொண்டு வரையும் லைன்வீவர்–பர்க் தலைகீழ் வரைபடத்தில் நேர்கோட்டைக் கண்டதும் மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் அந்த வரைபடம், பிழை மிகுந்த குறைந்த செறிவுப் புள்ளிகளுக்கே அதிக எடை கொடுக்கிறது. இன்று எந்தக் கணினியிலும் வளைகோட்டையே நேரடியாகப் பொருத்திவிடலாம். மாணவர்களுக்குத் தலைகீழ் வரைபடத்தைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, எண்ணை வளைகோட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் 40 வந்தால், நிலைமைகளையும் சேர்த்து 40 என்றே எழுதுங்கள். நூலில் உள்ள எண்ணுக்காக உங்கள் எண்ணைத் திருத்த வேண்டாம்.

கேள்வி: இந்த நொதிக்கு உகந்த வெப்பநிலை எது?
(மாணவர், திருநெல்வேலி)

55 முதல் 60 பாகை என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அது ஐந்து அல்லது பத்து நிமிடச் சோதனைக்குரிய எண். வெப்பம் வினையை விரைவாக்குகிறது. அதே வெப்பம் நொதியையும் கொல்கிறது. சோதனையை இரண்டு மணி நேரம் நீட்டினால் உச்சம் கீழே இறங்கிவிடும். ஆகவே வெப்பநிலையைச் சொல்லும்போது நேரத்தையும் சொல்ல வேண்டும்.

கேள்வி: சாக்லேட்டைக் கடித்தால் உள்ளே பாகு வழிகிறதே, அதில் இன்வர்டேஸ் இருக்கிறதாமே?
(இல்லத்தரசி, சேலம்)

ஆம், அவ்வகைச் சாக்லேட்டுகள் பலவற்றில் இருக்கிறது. உள்ளே வைக்கும்போது அது பாகு அன்று. சர்க்கரையைக் கெட்டியாகப் பிசைந்த உருண்டை. அதில் சிறிது இன்வர்டேஸைக் கலந்து, மேலே சாக்லேட் பூசிச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை வைத்துவிடுவார்கள். நொதி உள்ளிருந்தபடியே சுக்ரோஸை உடைக்க, எளிதில் படிகமாகாத குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் உருவாகி, உருண்டை இளகிவிடுகிறது. உணவுச் சேர்பொருள் பட்டியலில் இதன் எண் 1103. பொட்டலத்தின் பின்புறத்தில் தேடிப் பாருங்கள்.

கேள்வி: ஒளிச்சுழற்சிமானியோ மையவிலக்கியோ இல்லாத பள்ளியில் இதைக் காட்ட முடியுமா?
(கும்பகோணம் ஆசிரியையே கடிதத்தின் இறுதியில் கேட்டிருக்கிறார்)

முடியும். ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்டை அரைக் குவளை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, வடிதாளில் பொறுமையாக வடிகட்டுங்கள். சற்றுக் கலங்கலாக வந்தாலும் தாழ்வில்லை. வடிநீரில் பாதியை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். நான்கு சோதனைக்குழாய்களை எடுத்து, முதலாவதில் சர்க்கரைக் கரைசலும் வடிநீரும், இரண்டாவதில் சர்க்கரைக் கரைசலும் கொதித்த வடிநீரும், மூன்றாவதில் வடிநீரும் வெறும் நீரும், நான்காவதில் சர்க்கரைக் கரைசலும் வெறும் நீரும் ஊற்றுங்கள். கால்மணி நேரம் கழித்து எல்லாவற்றிலும், ஒடுக்கும் சர்க்கரை இருந்தால் நிறம் மாறும் பெனடிக்ட் கரைசலைச் சேர்த்துக் கொதிநீரில் வையுங்கள். சுக்ரோஸ் ஒடுக்கும் சர்க்கரை அன்று என்பதால் நான்காவது குழாய் நீலமாகவே நிற்கும். முதலாவது செங்கல் நிறத்துக்கு மாறும். மூன்றாவதில் சிறிது பச்சை தென்பட்டால் அது ஈஸ்டிலிருந்தே வந்த சர்க்கரை. திருச்சி மாணவிக்குச் சொன்ன வெற்றுச் சோதனை அதுதான். அந்தக் குழாயை விட்டுவிடாதீர்கள்.